பல் முளைத்த எழுத்துகள்

நான் மிக உறுதியாகச் சொன்ன எதுவும் என் வாழ்க்கையில் உருப்பட்டதில்லை. ‘இந்த மனிதரோடு கடைசி வரைக்கும் இருப்பேன்’ என்றேன், விவாகரத்தில் முடிந்தது. வீடு, கார், நாய் மூன்றையும் அவர் எடுத்துக்கொண்டார். அவருடைய தங்கையை நான் எடுத்துக்கொண்டேன். அவள்தான் இப்போது என் உதவியாளர். சட்டப்படி அவள் எனக்கு யாரும் இல்லை. இருந்தும் இன்றுவரை என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த வார்த்தையில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு கேலி என்பது நான் இதுவரை துப்பறிந்து முடிக்காத ஒரே வழக்கு.

அன்று காலை நில விசாரணை அதிகாரியின் அறையில் நின்றபோதும் மிக உறுதியாகத்தான் இருந்தேன்.

மேஜை மேல் ஒரு வரைபடம் விரித்துக் கிடந்தது. சுருண்டுவிடாமல் இருக்க நான்கு மூலையிலும் கண்ணாடிக் குண்டுகள். எதிர்த்தரப்பான குவாரிக்காரர் கொண்டுவந்து கொடுத்த சாட்சியம். பழைய அரசாங்க வரைபடம் ஒன்றின் மறுபதிப்பு. மலைச்சரிவில் ஒரு வெளிர்பச்சைத் திட்டு, அதன் நடுவே இரட்டைக் கோடாக ஒரு பாதை.

அந்த வெளிர்பச்சைத் திட்டு எங்கள் கட்சிக்காரரான நர்சரிக்காரம்மாவின் இடம். செடி வளர்த்து விற்கிறார். பாதை உண்மை என்றால் அது பொதுவழி. பொதுவழி என்றால் குவாரி லாரிகள் அவருடைய நாற்றுப் பாத்திகள் மேல் ஏறி, சமையலறையைத் தாண்டித்தான் இறங்கும். பாத்திகளையும் சமையலறையையும் இடிக்கத் தயாராக ஆட்கள் இருந்தார்கள். மூன்று மணிக்கு உத்தரவு.

“பாதையாம் பாதை. அந்தச் சரிவுல ஆடு கூட யோசிச்சுத்தான் இறங்கும்” என்றார் நர்சரிக்காரம்மா. நகத்துக்குள் மண் இருந்தது. அதை மறைக்கக் கைகளை மடித்துக்கொள்வார், பேசும்போது மறந்துவிட்டு விரிப்பார்.

“ஆடு சாட்சி சொல்ல முடியாதும்மா. மேப் சொல்லுது” என்றார் குவாரிக்காரரின் வக்கீல். குவாரிக்காரர் மேஜையின் அந்தப் பக்கத்தில் அமர்ந்து கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதே ஷீட்டின் இன்னொரு பிரதி கிடைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். நில அளவைத் துறையிடம் இருந்த வரைபடக் கட்டைக் கரையான் தின்றுவிட்டது. இதைத் துறையே கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருந்தது.

நான் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். துப்பறிபவர் கையில் லென்ஸ் இல்லாவிட்டால் கட்சிக்காரர்கள் நம்புவதில்லை என்பதற்காக வாங்கியது. பெரும்பாலும் மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி படிக்கத்தான் உதவியிருக்கிறது.

பாதைக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. அது வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஊர்ப்பெயர் ஒன்றின் மேல் லென்ஸை வைத்தேன். வைத்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

எழுத்துகளுக்குப் பல் முளைத்திருந்தது. ஓரமெல்லாம் ரம்பம் போலப் புள்ளிகள். அது மட்டுமல்ல, கறுப்பு எழுத்து கறுப்பாகவே இல்லை. நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொடிப்பொடியான புள்ளிகள் கூட்டுச் சேர்ந்து கறுப்பு வேஷம் கட்டியிருந்தன.

போலி மருந்து அட்டைகள் பற்றிய ஒரு வழக்கில் இதைக் கற்றிருந்தேன். ஒழுங்கான அச்சகம் எழுத்தைப் புள்ளியாகப் பிரிக்காது, திடமான மையில் அச்சடிக்கும். அச்சான ஒன்றை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால்தான் எழுத்தும் படமாகிவிடும், படம் புள்ளியாகிவிடும்.

“இது போலி” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். “யாரோ அசல் மேப்பை ஸ்கேன் பண்ணி, பாதையைச் சேர்த்து, மறுபடி அச்சடிச்சிருக்காங்க.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க சொல்றது எனக்கு ஆதாரம் ஆகாதும்மா. இதை அச்சடிச்சதாப் போட்டிருக்கற அச்சகத்துலேர்ந்து விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து சொல்லட்டும். மூணு மணிக்குள்ள.”

“கையோட கூட்டிக்கிட்டு வரேன் சார்.”

குவாரிக்காரர் முதல்முறையாகச் சிரித்தார். அது பயந்தவன் சிரிப்பு என்று எனக்குள் முடிவு கட்டினேன். மனித மனத்தைப் படிப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. பதினோரு வருடம் ஒரு மனிதரோடு வாழ்ந்து, அவர் கிளம்பப் போகிறார் என்பதைக் கூரியர்காரர் சொல்லித் தெரிந்துகொண்டவள் நான்.

நர்சரிக்காரம்மா எங்களோடு வரவில்லை. “நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். அந்த மேப் இந்த ரூமை விட்டு எங்கயும் போகாம பாத்துக்கறேன்” என்று வாசல் பெஞ்சில் அமர்ந்துகொண்டார். உள்ளதில் உருப்படியான துப்பறியும் வேலையைச் செய்தது அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

*

ஸ்கூட்டரை நாத்தனார் ஓட்டினாள். நான் பின்னால் ஹேண்ட்பேக்கை அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“அண்ணி, கொஞ்சம் அடக்கி வாசிச்சிருக்கலாம்.”

“எதுக்கு அடக்கணும்? இன்ஷூரன்ஸ் கம்பெனில என் மேலதிகாரி முகத்துக்கு நேரா சொன்னவ நான். வேலையை விட்ட அன்னிக்கு...”

“‘நீங்க கேக்கறது அறிக்கை இல்ல சார், கதை. கதை எழுதறதுன்னா எனக்கு இதைவிட நல்ல முதலாளி கிடைப்பாங்க.’” என் குரலிலேயே சொல்லி முடித்தாள். “எத்தனை தடவை கேட்டாச்சு! ஒரு எழுத்து மாறாது. அன்னிக்கு அந்த ரூம்ல வேற யாரு இருந்தா அண்ணி?”

“யாரோ இருந்தாங்க. சரியா ஞாபகம் இல்ல.”

“ஜன்னல் எந்தப் பக்கம்?”

“மங்கலாத்தான் இருக்கு. ஏன் கேக்கற?”

“சும்மாதான். டயலாக் மட்டும் சினிமா போஸ்டர் மாதிரி இருக்கேன்னு.”

சிக்னல் விழுந்தது. பக்கத்து வண்டிக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவளைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்.

*

அச்சகம் பெரிய கிடங்கு போல இருந்தது. உள்ளே நுழைந்ததும் மை வாடையும் ஈரக் குளிர்ச்சியும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. ஆளுயரக் காகிதக் கட்டுகளுக்கு நடுவே இயந்திரம் ஒன்று தாளை உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்தது. வரைபடம் பற்றி யாரிடம் பேசவேண்டும் என்று கேட்டோம்.

“புள்ளி மேடம்கிட்ட. மாடியில. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க, உக்கார இடம் பார்த்துக்கோங்க” என்றார் இயந்திரம் ஓட்டுபவர்.

“பெரும்புள்ளி பார்த்திருக்கேன். புள்ளி மேடம் இப்பதான்” என்று முணுமுணுத்தாள் நாத்தனார்.

மாடி அறையில் இரண்டு பெரிய திரைகள். இரண்டிலும் விரல் நகம் அளவுள்ள ஏதோ ஓர் இடம் சுவரளவு பெரிதாக்கப்பட்டு, வெறும் புள்ளிகளாகத் தெரிந்தது. எதிரே குட்டையான கூந்தலும் கூரான மூக்கும் கொண்ட ஒரு பெண்மணி. முதுகுக்குப் பின்னால் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் தொங்கியது: ‘வரைபட அச்சில் மென்மையின் உச்சம்’.

“உங்களுக்கு ஸ்க்ரீனிங் பத்தி என்ன தெரியும்?” என்றார், பெயர்கூடக் கேட்காமல்.

“அடிப்படை தெரியும்” என்றேன்.

“அண்ணிக்கு மாத்திரை அட்டை அளவுக்குத் தெரியும்” என்றாள் நாத்தனார்.

புள்ளி மேடம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். “மெஷினுக்கு வெளிர்பச்சைன்னா என்னன்னே தெரியாது. மை வெக்கத் தெரியும், வெக்காம இருக்கத் தெரியும். அவ்ளோதான் அதோட புத்தி. அதனால ஒரு வெளிர் நிறம் வேணும்னா, நாங்க சின்னச் சின்னப் புள்ளியா பிரிச்சு கண்ணை ஏமாத்தறோம். அதுக்குப் பேர்தான் ஸ்க்ரீனிங்.”

“கல்யாண புரோக்கர் மாதிரி” என்றாள் நாத்தனார்.

“பழைய முறையில புள்ளிங்க வரிசை கட்டி நிக்கும். இடம் மாறாது, பருமன்தான் மாறும். போட்டோவுக்குச் சரி. மேப்ல ஏற்கெனவே ஆயிரம் கோடு. ஆறு, எல்லை, மலையோட உயரக் கோடு. வரிசைப் புள்ளியும் வரிசைக் கோடும் மோதிச்சுன்னா பட்டுத்துணியில ஓடற அலை மாதிரி ஒண்ணு தெரியும். இல்லாத மேடு, இல்லாத பள்ளம். நான் அப்படிச் செய்யறதில்ல. என் புள்ளி எல்லாம் ஒரே பருமன். நெருக்கமா போட்டா இருட்டு, தள்ளிப் போட்டா வெளிச்சம். சிதறடிச்சுடுவேன்.”

“புரிஞ்சுது மேடம். மொதல்ல சொன்னது ஸ்கூல் அசெம்பிளி, இது இன்டர்வெல்” என்றாள் நாத்தனார்.

“இன்டர்வெல் இல்ல!” புள்ளி மேடத்துக்கு உண்மையிலேயே வலித்தது. “இன்டர்வெல்ல பசங்க ஒட்டிக்குவாங்க, கும்பல் சேருவாங்க. என் புள்ளிங்க அப்படிச் சேராது. லிஃப்ட்டுல ஒருத்தரையொருத்தர் தெரியாதவங்க நிப்பாங்களே, அந்த மாதிரி. சிதறியும் இருக்கும், ஒருத்தர் மேல ஒருத்தர் படவும் மாட்டாங்க.”

அழகான உவமைதான். நானும் அவரும் திருமணத்தின் பிற்பகுதியைக் கூட அப்படி ஒரு லிஃப்ட்டில்தான் கழித்தோம். ஆனால் நான் தத்துவம் பேச வரவில்லை, ஜெயிக்க வந்திருந்தேன்.

“எழுத்தையும் இப்படிப் புள்ளியாப் பிரிப்பீங்களா மேடம்?”

“சீச்சீ! எழுத்தும் கோடும் திடக்கறுப்பு. அதுக்குத் தனி லேயர். எழுத்துல ஸ்க்ரீன் போடறவன் கையை உடைக்கணும்.”

நான் நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தேன். எதிர்காலத்தில் இந்தப் பார்வையை நினைத்து வெட்கப்படுவோம் என்று தெரிந்தே பார்க்கும் பார்வைகள் சில உண்டு. பிறகு எந்த மறுபதிப்பு, எந்தப் பகுதி என்று சொன்னேன்.

புள்ளி மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

“அந்தப் பதிப்பா?” என்றார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இழுப்பறையிலிருந்து ஒரு ஷீட்டை எடுத்தார். “நீங்க கேக்கற ஷீட் எங்ககிட்டயும் இல்ல. இது அதுக்குப் பக்கத்து ஷீட். அதே பதிப்பு. பாருங்க.”

லென்ஸை வைத்தேன். ஊர்ப்பெயர்களுக்குப் பல் முளைத்திருந்தது. எல்லைக் கோட்டுக்குப் பல். ஆற்றின் பெயருக்குப் பல். நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கூடிக் கறுப்பு வேஷம் கட்டிய அதே கூட்டம்.

“இது ஒரு ஸ்டைல்” என்றார் புள்ளி மேடம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். “ஸ்டைலும் இல்ல, மண்ணும் இல்ல. பழைய லேயர் எல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு. அச்சான மேப்பை வாங்கி ஸ்கேன் பண்ணித்தான் மறுபதிப்பு போட்டோம். ஸ்கேன்லேர்ந்து கறுப்பைத் தனியா உருவி எடுத்துத் திடமா வெக்கணும். என் புது ஸ்க்ரீனோட அழகைப் பார்த்துக்கிட்டே மொத்தத்தையும் ஒரே படமா உள்ள தள்ளிட்டேன். எழுத்து, கோடு, எல்லாம் புள்ளியாயிடுச்சு. பதிப்பு முழுக்க அடிச்சு முடிச்சப்புறம்தான் பார்த்தேன்.”

“யாரும் ஒண்ணும் கேக்கலையா?”

“கேட்டாங்க. ‘இதுக்கு முன்னாடி இவ்ளோ மென்மையான மேப்பைப் பார்த்ததே இல்ல’ன்னாங்க.” அவர் திரும்பாமலேயே பின்னால் இருந்த சட்டத்தைக் கைகாட்டினார். “மேடையேத்தி அதைக் கொடுத்தாங்க. மென்மை பத்தி ஒரு மணி நேரம் பேசினேன்.”

என் தலைக்குள் ஏதோ ஒன்று மெதுவாக இடிந்து விழும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

அதை வார்த்தையில் சொன்னது நாத்தனார்தான். “அண்ணி, சரியாப் புரிஞ்சுதான்னு பாருங்க. எழுத்துல பல் இருந்தா மேப் போலின்னு அதிகாரிகிட்ட சொன்னீங்க. பல் இருந்தாத்தான் மேப் அசல். இப்ப இவங்களை மூணு மணிக்குக் கூட்டிட்டுப் போனா, ‘ஆமாம் சார், இது எங்க மேப்தான்’னு சாட்சி சொல்வாங்க. குவாரிக்காரனுக்காக. நம்ம ஸ்கூட்டர்ல வந்து.”

குவாரிக்காரரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அது பயமே இல்லை. தாள் அசல் என்று தெரிந்த மனிதனின் நிம்மதி.

*

புள்ளி மேடம் டீ வரவழைத்தார். எனக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது டீ இல்லை, தரைக்குள் இறங்கும் படி. நர்சரிக்காரம்மா அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் வருவோம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய் என்ன சொல்வது? ‘உங்கள் சமையலறைக்குள் லாரி வருவதற்கான ஆதாரத்தை நானே உறுதிசெய்து கொண்டுவந்திருக்கிறேன்’ என்றா?

“மூஞ்சியை இப்படி வெச்சுக்காதீங்க” என்றாள் நாத்தனார். “அதிகாரி முன்னாடியும் ஒரு டயலாக் அடிச்சுட்டு வந்துடுங்க. நாளைக்கு ஞாபகத்துல நல்லா இருக்கும்.”

“கேலி பண்றியா?”

“அண்ணி, கேக்கணும்னு நெனச்சேன். அந்த இன்ஷூரன்ஸ் டயலாக்... நிஜமாவே அன்னிக்குச் சொன்னீங்களா?”

கோபத்தோடு வாயைத் திறந்தேன்.

அந்த அறையை நினைத்துப் பார்த்தேன். மேலதிகாரியின் முகம் மங்கல். மேஜை மங்கல். வாயைத் திறக்காமலே எழுந்தது ஞாபகம் இருந்தது, அதுவும் மங்கலாகத்தான். கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். பிறகு பேருந்து. ஜன்னலோரம். அங்கேதான், அந்த ஜன்னலோரத்தில்தான், அந்த வாக்கியத்தைச் செதுக்கினேன். வீடு வந்து சேர்வதற்குள் அதை மனத்துக்குள் மேலதிகாரியிடம் சொல்லியும் விட்டிருந்தேன். உண்மையில் நடந்தது எல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. பிற்பாடு நான் சேர்த்தது ஒன்றுதான் திடக்கறுப்பில் நிற்கிறது.

டீ கிளாஸை வைத்துவிட்டேன்.

“மேடம், அந்தப் பதிப்புல திடக்கறுப்பு எங்கயாவது இருக்குமா? ஒரே ஒரு கோடாவது?”

“எங்கயும் கிடையாது. நான்தான் சொன்னேனே, மொத்தமும் ஒரே படம். ஓரத்துல எங்க அச்சகத்துப் பேரு போட்டிருக்கு பாருங்க, அதுக்குக்கூடப் பல்லு முளைச்சுதான் நிக்குது.”

“அப்படின்னா அந்த ஷீட்ல ஏதாவது ஒண்ணு மட்டும் பல்லே இல்லாம, கத்தி மாதிரி இருந்தா?”

புள்ளி மேடம் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “அது என் வேலை இல்ல. அச்சடிச்ச ஷீட்டை வேற ஒரு பிரிண்டர்ல விட்டு யாரோ மேல போட்டிருக்கணும்.”

காலையில் ஊர்ப்பெயரின் மேல் லென்ஸை வைத்தவள், பாதையின் மேல் வைக்கவில்லை. வைக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். அது அவ்வளவு பளிச்சென்று இருந்தது.

“மேடம், நீங்க வந்து இதைச் சொல்லணும்.”

“என்னத்தை? என் பாராட்டுப் பத்திரம் ஒரு கூமுட்டைத்தனத்துக்குக் கிடைச்சதுன்னா? முடியாது. மன்னிச்சுக்கோங்க.”

நான் அந்த அம்மாவின் நாற்றுகளைப் பற்றிச் சொன்னேன். சமையலறையைப் பற்றிச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தபடி இருந்தார். மறுபடி கெஞ்சலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“விடுங்க அண்ணி, மேடத்தைத் தொந்தரவு பண்ண வேண்டாம். ஸ்க்ரீனிங் பத்தி நீங்களே அதிகாரிகிட்ட விளக்கிடுங்க. அசெம்பிளி, இன்டர்வெல் எல்லாம் சொல்லுங்க. மேடம் பேரைச் சொல்லியே சொல்லுங்க. அதிகாரி அதை எழுதிப் பதிவு பண்ணிக்குவாரு.”

புள்ளி மேடத்தின் இமை துடித்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

*

நாங்கள் நுழைந்தபோது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நர்சரிக்காரம்மா என் பின்னால் எட்டிப் பார்த்தார். சாட்சியைத் தேடினார். அங்கே நாத்தனார் மட்டும் நின்றாள், ஹெல்மெட்டுடன்.

“அச்சகத்துலேர்ந்து யாரும் வரலையா?” என்றார் அதிகாரி.

“நானே விளக்கறேன் சார்.” லென்ஸை நீட்டினேன். “மொதல்ல, காலையில நான் சொன்னது தப்பு. இந்தத் தாள் அசல்தான்.”

வக்கீல் கைகளைத் தட்டாத குறை. நர்சரிக்காரம்மா மெல்ல எழுந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினேன், பார்த்திருந்தால் நின்றிருப்பேன்.

“தாள் அசல். பாதைதான் போலி. எழுத்தையும் பாருங்க, பாதையையும் பாருங்க. எழுத்தெல்லாம் புள்ளி. பாதை திடக்கறுப்பு. பாதையைப் பிற்பாடு சேர்த்திருக்காங்க.”

அதிகாரி குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். “ஆமாம், வித்தியாசம் தெரியுது. ஆனா...”

“நானே கேக்கறேன் சார்” என்று வக்கீல் எழுந்தார். “அச்சகமே கடைசி நேரத்துல ஒரு திருத்தம் சேர்த்திருக்கலாம் இல்லையா? பழைய படத்துல இல்லாத பாதையைத் தனி லேயரா மேல போட்டிருக்கலாம். அதனால அது தெளிவா இருக்கு. நல்ல பாதை, நல்லாத் தெரியுது. இதுல போலி எங்க வந்துச்சு?”

பதில் தெரியும், சொல்லும் விதம் தெரியவில்லை. “அப்படிப் போட முடியாது சார். ஏன்னா... ஸ்க்ரீனிங்ல ரெண்டு வகை. ஒண்ணு வரிசையா, பெரிய புள்ளி. இன்னொண்ணு, அதாவது இது, சின்னப் புள்ளி, கண்டபடி சிதறி, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, கும்பல் கும்பலா...”

“கும்பலா?” என்று வாசலில் ஒரு குரல் வெடித்தது. “கும்பலே கிடையாது! கண்டபடியும் கிடையாது!”

புள்ளி மேடம் மூச்சு வாங்க நின்றார். கையில் சுருட்டிய ஷீட். தலைமுடி கலைந்திருந்தது. என்னை ஒதுக்கிவிட்டு நேராக மேஜைக்குப் போனார்.

“இந்த அம்மா சொல்றது எதையும் எழுதாதீங்க சார். இதுக்கு ஸ்க்ரீன் போட்டவ நான்” என்றார். “ஒரு புள்ளிகூட இன்னொண்ணு மேல விழாது.”

“பாதையைப் பத்திச் சொல்லுங்க” என்றார் அதிகாரி. “நீங்க தனியா சேர்த்தீங்களா?”

புள்ளி மேடம் ஷீட்டைப் பிரித்தார். பிரித்தபடியே நின்றார். அவர் விரல்கள் காகிதத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தன. சொல்வதற்கு முன் ஒருவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பது முகத்தில் தெரியாது, விரலில்தான் தெரியும். நான் மனித மனத்தைப் படிப்பதில் சொதப்பினாலும் இது ஒன்றைச் சரியாகவே பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

“தனியா எதையும் சேர்க்க முடியாது சார். தனி லேயரே கிடையாது. கறுப்பைப் பிரிக்க மறந்துட்டேன். இந்தப் பதிப்பு முழுக்கத் தப்பா அச்சாச்சு. தப்புக்குத்தான் எனக்குப் பாராட்டு கொடுத்தாங்க. இது பக்கத்து ஷீட், நீங்களே பாருங்க. எங்க அச்சகப் பேரே பல்லு முளைச்சு நிக்குது. எங்க பேரையே ஒழுங்கா அச்சடிக்காத நான், குவாரிக்காரர் பாதையை மட்டும் கத்தி மாதிரி அச்சடிச்சிருப்பேனா?”

யாரோ சிரித்தார்கள். வக்கீல்தான். சிரித்துவிட்டுத் தன் கட்சிக்காரரைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“அப்புறம் சார்,” புள்ளி மேடத்துக்கு இப்போது நிறுத்தத் தெரியவில்லை. “மேப்ல பாதை போட்டா உள்ள வெள்ளையா இருக்கணும். பச்சையை அங்க வெட்டி எடுத்துட்டுத்தான் பாதை போடுவோம். இந்தப் பாதைக்குள்ள பாருங்க, என் பச்சைப் புள்ளிங்க அப்படியே நடந்து போகுது. அதுங்களுக்குப் பாதை வந்ததே தெரியல.”

அதிகாரி லென்ஸைப் பாதையின் தொடக்கத்தில் வைத்து, முடிவு வரைக்கும் மெல்ல நகர்த்தினார். நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

“இந்த மேப்பை ஏத்துக்க முடியாது. பொதுவழிக் கோரிக்கை தள்ளுபடி.” குவாரிக்காரர் பக்கம் திரும்பினார். “இது எந்த பிரிண்டர்ல ஏறி இறங்குச்சுன்னு நீங்க போலீஸ்கிட்ட சொல்லிக்குங்க. தாள் இங்கயே இருக்கட்டும்.”

குவாரிக்காரர் கைக்கடிகாரத்தைத் துடைப்பதை நிறுத்தியிருந்தார்.

நாத்தனார் என் காதருகே வந்தாள். “அண்ணி, அந்தப் புள்ளியை வேணும்னுதானே தப்பாச் சொன்னீங்க? அவங்க வாசல்ல நிக்கறாங்கன்னு தெரிஞ்சு?”

‘ஆமாம்’ என்று சொல்ல நாக்கு துடித்தது. நாளைக்கு ஞாபகத்தில் நன்றாகத்தான் இருக்கும்.

“இல்லடி. எனக்கு அவ்ளோதான் புரிஞ்சுது.”

அவள் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நர்சரிக்காரம்மா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மேஜையை நெருங்கி, “நான் ஒரு தடவை பார்க்கலாமா?” என்று அதிகாரியிடம் கேட்டு லென்ஸை வாங்கிக்கொண்டார். பாதையைப் பார்க்கவில்லை. தன் வெளிர்பச்சைத் திட்டின் மேல் வைத்து, மண் படிந்த விரலால் அழுத்திப் பிடித்தபடி நீண்ட நேரம் குனிந்திருந்தார்.

“இதுவா என் தோட்டம்? வெறும் புள்ளியா இருக்கு?”

“புள்ளிதாம்மா. தள்ளி நின்னு பார்த்தா பச்சை” என்றார் புள்ளி மேடம், பெருமையாக.

“நடுவுல எல்லாம் வெள்ளையா இருக்கே.”

“வெளிர்பச்சைன்னா அப்படித்தாம்மா. தள்ளித் தள்ளித்தான் வெக்கணும்.”

நர்சரிக்காரம்மா லென்ஸைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

“அதான் பார்த்தேன். இவ்ளோ இடம் விட்டு நட்டு வெச்சா, லாரி விடத் தோணாம என்ன செய்யும்? அடுத்த தடவை நெருக்கமா நடுங்க மேடம்.”